பத்துக் கரண்டி நைட்ரஜன்

குணசேகரன் அண்ணன் முகம் கழுவுவதற்காகச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் போனார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன்.

பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஓர் அலுமினியக் கேன். பார்ப்பதற்குப் பால்கேன் மாதிரி இருக்கும். மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை பொங்கி, கீழ்நோக்கி வழியும். உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். அந்தக் குளிரில், மெல்லிய குழாய்களுக்குள் உயர்ஜாதிக் காளைகளின் விந்து உறைந்து கிடக்கும். அண்ணன் அரசாங்க மாட்டு ஊசிக்காரர். சிடாம் கிரியிலிருந்து செமிலிங் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் பசு காளைக்குக் கத்தினாலும் அவருக்குத்தான் ஆள் போகும்.

என் தெர்மாஸ் தரையில் இருந்தது. அதில் அவர் ஆறு கரண்டி நைட்ரஜன் ஊற்றியிருந்தார்.

“இன்னைக்கு இவ்வளவுதான் தங்கச்சி. எனக்கே கொறச்சலா இருக்கு. மூடி வச்சிடு, வந்திடுறேன்” என்று சொல்லி, நீளக் காம்பு வைத்த கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நான் மூடவில்லை. மொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கடையின் பின்னால் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்குள் பத்துக் கரண்டி மொண்டுவிட்டேன். பிறகு மூடியை வைத்து, அதன் மேல் துணியையும் சுற்றி, ரொம்ப நல்ல பிள்ளையாக நின்றேன்.

அவர் திரும்பி வந்து, “பசியாறிட்டியா?” என்று கேட்டார்.

“ஆச்சுண்ணே” என்றேன். அதுவும் பொய்.

பெரட்டுக் களத்தில் வந்த பதில்

பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் பினாங்குக்குப் போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. சுங்கை பட்டாணியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவிடம் யாராவது “மக ஸ்டெல்லா என்ன படிக்குது?” என்று கேட்டால், “ரப்பர் மரத்துக்கு ரத்தப் பரிசோதனை பண்ணுது” என்று சொல்லி முடித்துவிடுவார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

நான் பால் எடுத்தது பாக்கியம் அக்காவின் மர நிரையில். சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் டவுனுக்குக் குடிமாறும் முன்பு அதே தோட்டத்து லயத்தில், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தோம். அக்கா ஒல்லி, உயரம். உளியைப் பிடித்துப் பட்டையில் இழுத்தால் ஒரே இழுப்பு. சீவல் சுருண்டு விழும், அந்தக் கோட்டில் பால் பொட்டுப்பொட்டாக எட்டிப் பார்க்கும்.

முதல் நாளே கேட்டார்: “மரத்துல அப்படி என்னடி தேடுற?”

நான் மரபணு என்று ஆரம்பித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். காலையில் தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட, அவர் நின்றுவிட்டு வந்த பெரட்டுக் களம் ஞாபகத்துக்கு வந்தது.

“அக்கா, கிராணி கையில செக்ரோல் இருக்குல்ல? அதுல தோட்டத்துல உள்ள எல்லார் பேரும் இருக்கும்.”

“ஆமா. செத்துப்போன என் மாமியார் பேரு கூட ரெண்டு மாசம் இருந்துச்சு.”

“அந்த மாதிரி மரத்தோட எலையில, பட்டையில, வேர்ல எல்லாத்துலயும் ஒரே செக்ரோல்தான். ஆனா பேரு இருக்கிறவங்க எல்லாரும் தெனம் வேலைக்கு வர மாட்டாங்க. எலையில சில பேரு வருவாங்க. பாலுல வேற சில பேரு. பெரட்டுல பேரைக் கூப்பிட்டா, வந்தவங்க மட்டும் பதில் குடுப்பாங்கல்ல, அந்தச் சத்தத்தைத்தான் நான் பிடிக்கணும்.”

“பிடிச்சு?”

“கத்தி பட்டதும் யாரு வேலைக்கு ஓடி வர்றாங்கன்னு பாக்கணும். தெனம் வெட்டுற மரத்துலயும், இப்பத்தான் மொதல் வெட்டுப் போடுற புது மரத்துலயும்.”

அக்கா உளியைத் துடைத்தார். “நல்ல வேலைதான் லா. எங்களை வேலை வாங்குற மண்டோர் மாதிரி” என்றார்.

அந்தப் பதில் சத்தத்துக்கு ஆய்வுக்கூடத்தில் ஆர்.என்.ஏ. என்று பெயர். அதைப் போல நோஞ்சான் பொருளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விரல் வியர்வை பட்டால் போச்சு. கண்ணாடியில் தூசி இருந்தால் போச்சு. கொஞ்சம் சூடு பட்டால் போச்சு.

சூடான ஈரல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர் எலி, கோழி என்று விலங்குத் திசுக்களில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் இலை, வேர், விதை. எல்லாருக்கும் மேலே டாக்டர் ஓங். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த சீனப் பெண்மணி. மெதுவாகப் பேசுவார். ஆனால் கையுறை போடாமல் குழாயைத் தொட்டவரைப் பார்த்தால் அந்த மாடி முழுக்கக் கேட்கும்.

“மரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஈரலில் பழகு” என்று உத்தரவு போட்டார். ஈரலில் ஆர்.என்.ஏ. நிறைய இருக்கும், லேசில் கிடைக்கும். ஆனால் ஆட்டை வெட்டிய சில நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, சுங்கை பட்டாணி பாசாரில் கறிக்கடை பாய் முன்னால் போய் ஐஸ் பெட்டியோடு நின்றேன்.

“ஈரல் வேணும் பாய். சூடா இருக்கணும்.”

“சூடான்னா? சமைச்சதா?”

“இல்ல பாய். இப்பவே வெட்டினது. வெட்டுன ஒடனே எனக்குக் குடுத்திடணும்.”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்ல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலையாம்மா?”

“அரைக்கிறதுக்கு” என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஈரலோடு ஒரு எலுமிச்சம்பழத்தையும் சும்மா வைத்துக் கட்டிக் கொடுத்தார். பேய் பிடித்த வீடு என்று நினைத்திருப்பார் போல.

ஈரல் நன்றாக வந்தது. மரம்தான் படுத்தியது. பாலை ஐஸில் வைத்துப் பஸ்ஸில் பினாங்குக்குக் கொண்டுபோனேன். இரண்டு தடவையும் பாழ். ஆர்.என்.ஏ. முழுசாக இருந்தால் ஜெல்லில் இரண்டு தெளிவான பட்டைகள் தெரியும். எனக்குத் தெரிந்தது கரி பூசிய சுவர்.

“மரத்தடியிலேயே உறைய வை. அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும்” என்றார் டாக்டர் ஓங். பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பினால் வாரக்கடைசிக்குள் அத்தனையும் ஆவியாகிவிடும். கெடா தோட்டங்களில் நைட்ரஜன் வைத்திருந்த ஒரே மனிதர் மாட்டு ஊசிக்காரர்தான் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது பாக்கியம் அக்கா. அவருடைய சிவப்பி என்கிற பசுவுக்கு ஊசி போட வந்தபோது கேனிலிருந்து புகை வந்ததைப் பார்த்திருக்கிறார்.

டாக்டர் ஓங் கொடுத்த கடிதத்தோடு போய்க் குணசேகரன் அண்ணனைப் பார்த்தேன். கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார்.

“மாட்டுக்கும் மரத்துக்கும் ஒரே மருந்தா?”

“மருந்து இல்லண்ணே. குளிர் மட்டும்தான்.”

“அப்ப சரி. குளிர்தானே, எடுத்துக்க.”

அன்றிலிருந்து நான் ஊருக்கு வரும் நாட்களில் தோட்டத்து முச்சந்திக் கடையில் சந்திப்போம். தோட்டத்தில் கதை வேறு விதமாகப் பரவியது. பினாங்குக்குப் போய்ப் படித்த பிள்ளை கடைசியில் மாட்டு ஊசி போடக் கற்றுக்கொள்கிறது என்று இரண்டு பேர் அம்மாவிடமே துக்கம் விசாரித்தார்கள்.

முதல் தடவை மரத்தடியில் தெர்மாஸைத் திறந்து, வெட்டிலிருந்து சொட்டும் பாலை நேராக அதற்குள் விழவிட்டபோது பாக்கியம் அக்கா உளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சொட்டும் புகைக்குள் விழுந்து, ‘டிக்’ என்று சத்தம் போட்டு, உருண்டையாக உறைந்தது. தெர்மாஸின் அடியில் வெள்ளை வெள்ளையாக மணிகள்.

“அடியாத்தே, முத்து லா! தோடு செஞ்சு போட்டுக்கலாம் போல இருக்கே!”

“தொட்டீங்கன்னா விரல் போயிடும்க்கா.”

“அப்ப மண்டோருக்குச் செஞ்சு குடுப்போம்” என்றார்.

விடாத மழை

இனி அந்தப் பத்துக் கரண்டிக்கு வருகிறேன்.

ஆர்.என்.ஏ. கிடைத்தால் மட்டும் போதாது. அதில் நான் தேடும் மரபணுவின் குரல் இருக்கிறதா என்று பார்க்க, கதிரியக்கம் ஏற்றிய ஒரு பொருள் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து எப்போதாவது ஒரு முறைதான் வரும். வந்த நாளிலிருந்து பதினான்கு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அந்தத் தடவை வரவிருந்ததில் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. என் உதவித்தொகையோ முடியும் தறுவாயில் இருந்தது.

புது மரங்களுக்கு முதல் வெட்டுப் போட்டு, அடுத்தடுத்த வெட்டுகளில் பால் எடுக்க வேண்டும். இரண்டு வெட்டு முடிந்தது. மூன்றாவதுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா எனக்காக அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்.

நான்காம் நாள் மழை விட்டது. மறுநாளே நான் பினாங்கில் இருந்தாக வேண்டும். ஒரே காலையில் பத்து மரம். அண்ணன் கொடுத்த ஆறு கரண்டி நான்கு மரத்துக்குக்கூடக் காணாது. கேட்டிருக்கலாம். முடியாது என்று சொல்லிவிடுவார் என்கிற பயம். அதனால் எடுத்தேன்.

பத்து மரத்திலும் பால் எடுத்தேன். மணிகள் எல்லாம் முழுசாக உறைந்தன. நிரையின் முடிவில் பாக்கியம் அக்கா சந்தோஷமாகச் சொன்னார்:

“இன்னைக்கு எனக்கும் நல்ல நாளு. காலையில இருந்து சிவப்பி காளைக்குக் கத்துறா. சாயங்காலம் குணா தம்பி வந்து ஊசி போடுறேன்னு சொல்லியிருக்கு.”

நான் கையில் இருந்த தெர்மாஸைப் பார்த்தேன். பத்துக் கரண்டி.

வீட்டுக்குக் கிளம்பாமல் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். அண்ணன் பீடோங் பக்கமெல்லாம் வெயிலில் சுற்றிவிட்டு வந்தார். கேனைத் திறந்து மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். நைட்ரஜன் எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குக் குச்சியில் பனி பூக்கும். அன்றைக்குக் குச்சி காய்ந்த குச்சியாகவே வந்தது.

இரண்டாவது முறையும் விட்டுப் பார்த்தார். “கேனு ஒழுகுது போல. காலையில கூட இருந்துச்சே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அக்காவிடம், “உள்ள குளிரே இல்ல, விந்து கெட்டிருக்கும். சந்தேகம்தான் அக்கா. இன்னைக்கு விட்டா இன்னும் இருபத்தொரு நாளு காத்திருக்கணும். போட்டுப் பாப்போம். பிடிச்சா ஒங்க அதிர்ஷ்டம்” என்றார்.

சிவப்பி போட்ட கன்று அதற்கு முந்திய வருஷம் செத்துப்போயிருந்தது. அக்கா இந்த ஊசியை எப்படி எதிர்பார்த்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பாவசங்கீர்த்தனம்

பினாங்கில் எல்லாம் நன்றாக நடந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜெல்லில் இரண்டு பட்டைகளும் கோடு போட்ட மாதிரி வந்தன. கதிரியக்கப் பொருளும் சரியான நாளில் வந்தது. எக்ஸ்ரே ஃபிலிமை மேலே வைத்துப் பெட்டியை மூடிக் குளிரில் வைத்தோம். சில நாள் காத்திருக்க வேண்டும்.

எனக்குள் ஒரு பேரம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பி சினை பிடித்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, சொல்லத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பேரத்தோடு சனிக்கிழமை ஊர் மாதா கோயிலுக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வலைக்கு அந்தப் பக்கம் வயசான சாமியார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்.

“சாமி, நைட்ரஜன் திருடிட்டேன்.”

“என்னம்மா திருடினே?”

விளக்கினேன். மாட்டைப் பற்றியும் சொன்னேன். வலைக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. சிரிக்கிறாரோ என்று சந்தேகமாக இருந்தது.

“திருட்டுக்கு மூணு தடவை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லு. ஆனா மாடு அந்தக் கணக்குல வராதும்மா. அதுக்கு நீ மாட்டுக்காரங்களைத்தான் போய்ப் பாக்கணும்.”

நான் இருபத்தொன்றாம் நாளுக்குக் காத்திருந்தேன். அதற்குள் ஃபிலிம் கழுவினோம். இருட்டறையின் சிவப்பு விளக்கில், தொட்டித் தண்ணீருக்குள், ஒவ்வொன்றாகக் கறுப்புப் பட்டைகள் எழுந்து வந்தன. இலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. முதல் வெட்டுப் போட்ட மரத்தில் லேசாக ஒரு நிழல். இரண்டாம் வெட்டில் கொஞ்சம் கூடுதல். மூன்றாம் வெட்டில் இன்னும். தினம் வெட்டும் மரத்தில் மை கொட்டின மாதிரி கறுப்பு. டாக்டர் ஓங் என் தோளில் ஒரு அடி அடித்தார், கையுறையோடு.

இருபத்தொன்றாம் நாள் காலையில் தோட்டத்துக்குப் போய் இறங்கினேன். லயத்துக்குள் நுழையும் முன்பே கேட்டுவிட்டது. சிவப்பி மறுபடியும் காளைக்கு, ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். சினை பிடிக்கவில்லை.

கொட்டகையில் அண்ணனும் இருந்தார். பழைய கேன் ஒன்றைக் கட்டியிருந்தார், முன்னதைவிட இரண்டு மடங்கு கனம். இருவர் முன்னாலும் நின்று, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். சொல்லிவிட்டு என் செருப்பைப் பார்த்தேன்.

முதலில் பேசியது அண்ணன். “நல்ல கேனு தங்கச்சி அது! ஒழுகுதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திட்டேனே! அதை எடுத்துக்கிட்டு இந்த யானையைக் குடுத்திருக்காங்க.” பிறகு குரல் இறங்கியது. “நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னு எனக்குத் தெரியல. ஆனா நீ கேட்டிருக்கலாம்.”

அக்கா சிவப்பியின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “இருபத்தோரு நாளு மாரியம்மாவுக்கு வெளக்குப் போட்டேன். நீ தூணைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம நின்னியே, அதுதான்டி எனக்கு வலிக்குது. நைட்ரஜன் போனா போவுது.”

நான் அழுதுவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் அழவிட்டார். அப்புறம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, “அழுது முடிச்சாச்சுல்ல? சாயங்காலம் ஊசி. வால் நீதான் பிடிக்கணும்” என்றார்.

பிடித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போடும் நல்ல சட்டையோடு பிடித்தேன். ஊசி உள்ளே போன நேரம் பார்த்துச் சிவப்பி தன் மனதில் இருந்ததையெல்லாம் என் மேல் கொட்டினாள், கழுத்திலிருந்து கால்வரை. அண்ணன் சிரித்த சிரிப்பில் ஊசியே நழுவப் பார்த்தது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் என்னோடு பேசக்கூடாது என்று அண்ணன் நினைத்திருந்தாராம். அந்தச் சாணியோடு அது போய்விட்டது.

அவருடைய நல்ல கேனும் மறு மாதமே திரும்பி வந்தது. “கேனுக்கு ஒண்ணும் இல்ல, ஒனக்குத்தான் கண்ணு சரியில்ல” என்று ஆபீஸில் சொன்னார்களாம். கரண்டியை மட்டும் அதற்கப்புறம் அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

கன்றுக்குட்டி பார்க்கப் போன நாள்

சிவப்பி சினை பிடித்தாள். என் ஆய்வேடு முடிந்து கொஞ்ச நாள் கழித்து, கிடேரிக் கன்று போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. கையில் அந்த எக்ஸ்ரே ஃபிலிமின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கால் நீண்ட கன்று. நான் குனிந்து தடவ, அக்கா அதட்டினார்:

“ஏய் ஸ்டெல்லா, தள்ளி நில்லு!”

நான் தள்ளி நின்றேன்.

“ஒன்ன இல்லடி. கன்னுக்குட்டிய. கட்டி வச்சா அவுத்துக்கிட்டுப் போய்த் திருட்டுத்தனமா பால் குடிக்குது. அதான் ஒன் பேரு வச்சேன்.”

ஃபிலிமைக் கொடுத்தேன். கொட்டகைக்கு வெளியே வந்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எது எந்த மரம் என்று விரலால் காட்டினேன்.

“இது எல. இது புது மரம், மொத வெட்டு. இந்தக் கடைசி, நீங்க தெனம் வெட்டுற மரம்.”

“வெட்டாதப்ப அது சும்மா இருக்கு. நான் போய் வெட்ட வெட்டத்தான் வேல செய்யுது.”

“ஆமாக்கா.”

“அப்ப நான் தெனம் வர்றது மரத்துக்குத் தெரியுது.”

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் அதை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தப்பு என்றும் சொல்லியிருக்க முடியாது. “தெரியுதுக்கா” என்றேன்.

அடுத்த நிமிடம் அவர் லயத்தைப் பார்த்துக் கத்தினார்: “எல்லாரும் வாங்க! என் மரத்துக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்திருக்கு!”

ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஃபிலிம் கைக்குக் கை போனது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்த ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார்: “எலும்பெல்லாம் நல்லா இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் அக்கா ஃபிலிமை வாங்கி நேராக்கினார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, டாக்டர் ஓங்கைவிடத் தீர்மானமாகச் சொன்னார்:

“எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலதான் ரொம்ப ஜாஸ்தியாம்.”